சுண்ணாம்புக்கு அடியில் ஒரு வருஷம்: எம் டி சி சி சி சி எக்ஸ் ஐ ஐ என்றால் எத்தனை?

தங்கச்சிமடம் ரோஸ் | திங்கள், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். கணக்கு தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள், அவசரம்.

எங்கள் கோயிலில் (தேவாலயத்தைச் சொல்கிறேன், எங்கள் பக்கம் கோயில் என்றே சொல்லிப் பழக்கம்) திருவிழாவுக்காக மணிக்கூண்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். பழைய சுண்ணாம்பைச் சுரண்டும்போது படிக்கட்டுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு கல் தெரிந்தது. பெயர், வாசகம் எதுவும் இல்லை. ஒரே ஒரு வரிசை: எம் டி சி சி சி சி எக்ஸ் ஐ ஐ. இந்தத் தளத்தில் ஆங்கில எழுத்து தட்டினால் எனக்குக் கட்டம் கட்டமாக வருகிறது, அதனால் எழுத்தின் பெயரைத் தமிழிலேயே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா பார்த்தவுடன் 1912 என்றார். போனில் ரோமன் எண்ணை மாற்றித் தரும் பக்கம் ஒன்றில் போட்டால் "தவறான எண்" என்கிறது. மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் அதேதான். கமிட்டியில் இப்போது இரண்டு கட்சி. கொத்தனார் தப்பாக வெட்டிவிட்டார், பெயர்த்துவிட்டுச் சரியான கல்லை வைப்போம் என்பது ஒரு கட்சி. இன்னொன்று தாத்தா கட்சி, அதில் தாத்தாவும் நானும்தான்.

கேள்வி இரண்டு. கல் தப்பா? பக்கத்தில் புதுக் கல் ஒன்றும் வைக்கிறோம், அதில் 2026-ஐ ரோமனில் எப்படி எழுதுவது? கல் வெட்டுபவர் எழுத்துக்கு 60 ரூபாய் கேட்கிறார். சனிக்கிழமை நோட்டீஸ் அச்சுக்குப் போகிறது. மணிக்கூண்டின் 114-ஆம் ஆண்டு என்று அதில் போடலாமா வேண்டாமா என்பதும் இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

உச்சிப்புளி வாத்தியார் | திங்கள், இரவு 9.05

இரண்டாவது கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுவோம்.

எழுத்து ஏழுதான். ஐ 1, வி 5, எக்ஸ் 10, எல் 50, சி 100, டி 500, எம் 1000. எண்ணை மொத்தமாகப் பார்த்து மிரளக் கூடாது. வாயால் சொல்கிற மாதிரியே உடையுங்கள்: இரண்டாயிரத்து, இருபத்து, ஆறு. இரண்டாயிரம் எம்எம். நூறு இல்லை, எனவே ஒன்றும் எழுத வேண்டாம். ரோமனில் பூஜ்யம் கிடையாது, காலி இடத்தைத் தாண்டிப் போய்விட வேண்டியதுதான். இருபது எக்ஸ்எக்ஸ். ஆறு விஐ. சேர்த்தால் எம்எம்-எக்ஸ்எக்ஸ்-விஐ. ஆறு எழுத்து, 360 ரூபாய்.

பிள்ளைகள் தடுமாறுவது நான்கிலும் ஒன்பதிலும்தான். 4 என்பதை ஐந்துக்கு முன்னால் ஒன்றை வைத்து ஐவி என்று எழுதுகிறோம். 9 ஐஎக்ஸ். இதே போல 40 எக்ஸ்எல், 90 எக்ஸ்சி, 400 சிடி, 900 சிஎம். கழித்தல் இந்த ஆறு ஜோடியோடு சரி. 1999-ஐ எம்-ஐஎம் என்று குறுக்கு வழியில் எழுதிக் காட்டும் கெட்டிக்காரன் எல்லா வகுப்பிலும் ஒருவன் இருப்பான். ஆயிரம், தொள்ளாயிரம், தொண்ணூறு, ஒன்பது என்று தனித்தனியாகத்தான் போக வேண்டும்: எம்-சிஎம்-எக்ஸ்சி-ஐஎக்ஸ்.

நான் பலகையில் எப்போதும் எழுதுவது இரண்டு வருஷங்கள். பாம்பன் ரயில் பாலம் திறந்த 1914: எம்-சிஎம்-எக்ஸ்-ஐவி. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன 1964: எம்-சிஎம்-எல்எக்ஸ்-ஐவி. இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, எது கூடுதல் என்று கேட்பேன். ஒரே ஓர் எல். பாலம் திறந்ததற்கும் புயலுக்கும் நடுவிலிருந்த ஐம்பது வருஷம் முழுக்க அந்த எல்லில் அடங்கிவிடும். அதற்குப் பிறகு எல் எத்தனை என்று யாரும் மறப்பதில்லை.

கல்லைப் பற்றி நாளை எழுதுகிறேன். கரண்ட் போய்ப் போய் வருகிறது.

மண்டபம் மணி | திங்கள், இரவு 9.20

சார் சொன்னதிலேயே பதில் இருக்கிறதே. 900 என்றால் சிஎம். ஒரே எழுத்து நான்கு தடவை வரக் கூடாது. 1912 என்பது எம்-சிஎம்-எக்ஸ்-ஐஐ. கல் தப்பு. பெயர்த்துவிடுங்கள்.

கீழக்கரை காக்கா | திங்கள், இரவு 10.15

மணி தம்பி, கடப்பாரையைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

நான் 26 வருஷம் கப்பலில் இருந்தவன். லண்டனில் இறங்கினால் டிரஃபால்கர் சதுக்கம் பக்கம் ஒரு நடை போவேன். அங்கே அட்மிரால்டி வளைவு என்று ஒரு பெரிய வாசல். அதன் நெற்றியில் லத்தீனில் ஒரு வாசகம், கடைசியில் வருஷம்: எம் டி சி சி சி சி எக்ஸ். அதாவது 1910. எண்ணிப் பாருங்கள், நான்கு சி. அரசர் ஏழாம் எட்வர்ட் தன் தாயார் விக்டோரியாவின் நினைவாகக் கட்ட வைத்தது. அந்த வாசல் கட்டி முடிந்த வருஷம் எது தெரியுமா? 1912. ரோஸ் தங்கச்சியின் தாத்தா சொல்லும் அதே வருஷம். லண்டன் கல்லில் நான்கு சி இருக்கலாம், தங்கச்சிமடத்துக் கல்லில் இருக்கக் கூடாதா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் வீட்டில் ரோமன் எண் போட்ட சுவர்க் கடிகாரம் இருந்தால் இப்போதே நிமிர்ந்து பாருங்கள். 4 இருக்கும் இடத்தில் பெரும்பாலும் நான்கு கோடுதான் இருக்கும், ஐவி இருக்காது. பிக் பென் கடிகாரத்தில் ஐவி. இரண்டும் மணி சரியாகத்தான் காட்டுகின்றன.

பழைய கப்பல்களில் முன்பக்கமும் பின்பக்கமும் எத்தனை அடி ஆழம் மூழ்கியிருக்கிறது என்று காட்டும் எண்களை ரோமனில்தான் போட்டார்கள். எல்லாம் நேர்கோடு என்பதால் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும், பெயின்ட் உரிந்தாலும் தடம் இருக்கும்.

மண்டபம் மணி | செவ்வாய், காலை 7.10

காக்கா, கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு கோடு. பதினெட்டு வருஷமாக அதே கடிகாரத்தைப் பார்த்துத்தான் பஸ்ஸுக்கு ஓடுகிறேன், ஒரு நாளும் கண்ணில் படவில்லை. கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. இது இங்கிலாந்துக்காரன் பண்ணின வேலை. அசல் ரோமாக்காரன் எப்படி எழுதினான்?

உச்சிப்புளி வாத்தியார் | செவ்வாய், மாலை 5.30

நல்ல கேள்வி, மணி. அசல் ரோமாக்காரன் இரண்டு விதமாகவும் எழுதினான், சில சமயம் ஒரே எண்ணுக்குள்ளேயே.

ரோம் நகரத்துக் கொலோசியத்தில் கூட்டம் உள்ளே போக வாசல்களுக்கு மேல் எண் வெட்டியிருக்கிறார்கள். 44-ஆம் வாசலில் எக்ஸ்எல்-ஐஐஐஐ என்று இருக்கிறது. நாற்பதுக்குக் கழித்தல், நான்குக்குக் கூட்டல். எங்கள் வகுப்பில் ஒரு பையன் இப்படி எழுதினால் அரை மதிப்பெண் போயிருக்கும். ஜெர்மனியில் க்சாந்தன் என்ற ஊரில் கிடைத்த ஒரு நூற்றுவர் தலைவனின் நினைவுக் கல்லில், அவன் இருந்த 18-ஆம் படைப்பிரிவை எக்ஸ்-ஐஐ-எக்ஸ் என்று வெட்டியிருக்கிறார்கள். இருபதுக்கு இரண்டு குறைவு. லத்தீனில் பதினெட்டை வாயால் சொல்வதே அப்படித்தான்: இருபதிலிருந்து இரண்டு. பத்தொன்பது, இருபதிலிருந்து ஒன்று. பேசுகிற மாதிரியே வெட்டிவிட்டான்.

ஆக, "ஒரே எழுத்து மூன்றுக்கு மேல் வரக் கூடாது" என்பது நம் பாடப்புத்தகத்துக்காகப் பின்னால் இறுக்கிக் கட்டிய முடிச்சு. புதிதாக எழுதும்போது அதைப் பின்பற்றுங்கள், யாரும் குழம்ப மாட்டார்கள். பழைய கல்லை அந்த முடிச்சால் கட்டி இழுக்க வேண்டாம்.

இதைச் சொல்லும்போது நம் தமிழ் ஞாபகம் வருகிறது, விட மனமில்லை. எண்பது, எழுபது என்று வரிசையாகப் பத்தில் முடியும்போது, 90 மட்டும் ஏன் தொண்ணூறு? அதில் நூறு எங்கிருந்து வந்தது? எண்ணூறுக்கு அடுத்தது ஏன் தொள்ளாயிரம்? அதில் ஆயிரம் ஏன்? ஒன்பதிலும் பார்த்தால் பத்து ஒளிந்திருக்கிறது. ஒன்பது பத்தைப் பார்க்கிறது, தொண்ணூறு நூறைப் பார்க்கிறது, தொள்ளாயிரம் ஆயிரத்தைப் பார்க்கிறது. ஐஎக்ஸ், எக்ஸ்சி, சிஎம் மூன்றும் அதே வேலையைத்தான் செய்கின்றன. தொல்காப்பியமும் நன்னூலும் தொண்ணூறு எப்படிப் பிறந்தது என்பதற்குத் தனியே புணர்ச்சி விதி சொல்லும் அளவுக்கு இது பழைய வழக்கு. சிஎம் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்கிற பிள்ளையிடம், "தொள்ளாயிரம் என்று தினமும் சொல்கிறாயே, அதேதான்" என்றால் முகம் தெளிந்துவிடும்.

பாம்பன் தம்பி | செவ்வாய், இரவு 8.00

அக்கா, போன் ஏன் தவறான எண் என்கிறது என்று நான் சொல்கிறேன். கல்லூரியில் இதையே நிரலாக எழுதச் சொன்னார்கள், வேலை நேர்முகத்திலும் கேட்கிறார்கள்.

ஏலத்தில் மீன் எடுத்த வியாபாரி பணம் எண்ணிக் கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய நோட்டு முதலில், சில்லறை கடைசியில். ரோமனுக்கு மாற்றும் நிரலும் அவ்வளவுதான். பெட்டியில் 13 வகை நோட்டு: 1000, 900, 500, 400, 100, 90, 50, 40, 10, 9, 5, 4, 1. வாத்தியார் சொன்ன ஆறு ஜோடியும் இதில் தனி நோட்டாக இருக்கின்றன, அதனால் கழித்தலைப் பற்றி நிரல் கவலைப்படவே வேண்டாம். 1912 வந்தால் ஒரு 1000, மீதி 912. ஒரு 900, மீதி 12. ஒரு 10, இரண்டு 1. முடிந்தது.

திரும்ப எண்ணாக்குவது இன்னும் சுலபம். ஒவ்வொரு எழுத்தும் தன் வலது பக்கத்து எழுத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பது தன்னைவிடப் பெரிதா? கழி. இல்லையா? கூட்டு. உங்கள் கல்லை இப்படிப் படித்தால் 1000, 500, நான்கு 100, 10, 1, 1. கூட்டினால் 1912. எந்தச் சிக்கலும் இல்லை.

அப்புறம் ஏன் மறுக்கிறது? அந்த மாதிரிப் பக்கங்கள் பெரும்பாலும் படித்த எண்ணைத் திரும்ப ரோமனாக மாற்றி, நீங்கள் போட்டதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எழுத்து ஒத்துப் போகவில்லை என்றால் தவறு என்று சொல்லிவிடும். தாத்தாவிடம் அந்தச் சோதனை கிடையாது, அதனால் அவருக்குப் பதில் வந்துவிட்டது.

எக்செலில் ரோமன் என்று ஒரு சூத்திரம் உண்டு, போட்டுப் பாருங்கள். 499 கொடுத்தால் சிடி-எக்ஸ்சி-ஐஎக்ஸ் தரும். கூடவே 4 என்று ஒரு எண்ணையும் கொடுத்தால் சுருக்கமாக ஐடி என்று தரும், அதாவது 500-க்கு ஒன்று குறைவு. வாத்தியார் அரை மதிப்பெண் குறைப்பதை அது சலுகையாகவே வைத்திருக்கிறது. 3999-க்கு மேல் கொடுத்தால் மட்டும் கையை விரித்துவிடும். எம் நான்கு தடவை வந்துவிடுமே! அதற்கு மேல் வேண்டுமென்றால் எழுத்தின் தலையில் கோடு போட்டு ஆயிரத்தால் பெருக்கும் பழைய வழக்கம் உண்டு. நம் கோயில்களுக்கு இன்னும் 1973 வருஷம் அந்தக் கவலை இல்லை.

அந்தோணி 77 | செவ்வாய், இரவு 10.40

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரோமன் எண்ணைச் சொல்லிக் கொடுத்ததே சிலுவைப்பாதைதான். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சுவரில் மாட்டிய 14 படங்களுக்கு முன்னால் முழந்தாள் போட்டுப் போட்டு, ஒன்று முதல் பதினான்கு வரை மனப்பாடம். பதினைந்துக்கு மேல் எனக்கு இன்றைக்கும் தடுமாற்றம்தான்.

ஒரு வருஷம் எங்கள் கோயிலில் வெள்ளையடித்துவிட்டுப் படங்களைத் திரும்ப மாட்டினார்கள். மாட்டிய அண்ணனுக்கு ஐஎக்ஸும் எக்ஸ்ஐயும் ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. ஒன்பதாம் நிலையும் பதினோராம் நிலையும் இடம் மாறிவிட்டன. ஒன்பதில் ஆண்டவர் மூன்றாம் முறை விழ வேண்டும், பதினொன்றில் ஆணியடிக்க வேண்டும். எங்கள் கோயிலில் ஆணியடித்த பிறகு விழுந்துகொண்டிருந்தார். பாட்டை எல்லோரும் புத்தகத்தைப் பார்த்தே படித்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டு தவக்காலம் கழித்து ஒரு சின்னப் பெண் குழந்தைதான், "அம்மா, இந்தப் படத்தில் ஏன் ஆணி இருக்கிறது" என்று சத்தமாகக் கேட்டது.

அழகன்குளம் ஆள் | புதன், காலை 6.50

எங்கள் ஊர் பெயர் வராமல் ரோமாபுரிப் பேச்சா? வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். தொல்லியல் துறை தோண்டியதில் ரோமானியக் காசு கிடைத்தது, கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்தது. சின்ன வயதில் நாங்கள் மேட்டில் விளையாடும்போது சிவப்பு ஓடு பொறுக்கிச் சில்லு வைத்து ஆடியிருக்கிறோம், அது எந்தக் காலத்து ஓடோ. காசில் எண் இருக்குமா வாத்தியாரே?

உச்சிப்புளி வாத்தியார் | புதன், காலை 7.30

ரோமானிய வெள்ளிக் காசான தினாரியஸ் ஆரம்பத்தில் பத்து செப்புக் காசுக்குச் சமம். அதனால் அதில் எக்ஸ் என்று பொறித்தார்கள். பின்னால் மதிப்பைப் பதினாறாக்கினார்கள். உங்கள் ஊரில் கிடைத்தவை அதற்குப் பல நூற்றாண்டு பிந்திய காசுகள், அவற்றில் பார்க்க வேண்டியது அரசன் தலையையும் பெயரையும்தான்.

ரோஸ், புதுக் கல்லில் ரோமனோடு தமிழ் எண்ணையும் வெட்டச் சொல்லுங்களேன். 2026 பழைய முறையில் ௨௲௨௰௬. இரண்டு, ஆயிரம், இரண்டு, பத்து, ஆறு. ரோமாக்காரன் இருபதுக்கு எக்ஸை இரண்டு தடவை எழுதினான். நாம் பத்துக்கு முன்னால் இரண்டைப் போட்டுப் பெருக்கிக்கொண்டோம். அதனால் எந்த எண்ணும் அனுமார் வால் மாதிரி நீளாது. 1888-க்கு ரோமனில் 13 எழுத்து: எம்-டிசிசிசி-எல்எக்ஸ்எக்ஸ்எக்ஸ்-விஐஐஐ. நமக்கு ௲௮௱௮௰௮, ஆறே எழுத்து.

ஓடாவி மகன் | புதன், இரவு 9.15

அப்பா வள்ளம் கட்டுகிற ஓடாவி, நான் கூடவே வேலை பார்க்கிறேன். உளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

உளியால் வட்டம் வெட்டுவது பாடு, கோடு வெட்டுவது சுலபம். வங்குகளை, அதாவது விலாச் சட்டங்களை, எது எங்கே பொருந்தும் என்று அடையாளம் வைக்க நாங்கள் கோடுதான் போடுவோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கோடு. ஐரோப்பாவில் பழைய மர வீடுகளின் உத்தரங்களில் தச்சர்கள் ரோமன் எண்ணை உளியால் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றும், 4-க்கு ஐவி போடாமல் நான்கு கோடே போடுவார்கள் என்றும் படித்திருக்கிறேன். காரணம் எனக்குப் படித்தவுடன் புரிந்தது. மரத்தைத் தலைகீழாகப் புரட்டினால் ஐவி எது, விஐ எது? நான்கு கோடு எப்படிப் புரட்டினாலும் நான்கு கோடு.

ரோஸ் அக்கா, நீங்கள் யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். கல்லில் எழுத்து நடுவில் இருக்கிறதா? கல் வெட்டுகிறவன் முதலில் இரண்டு ஓரத்தையும் அளந்து, நடுவில் வருகிற மாதிரிதான் கோடு போடுவான். இடது ஓரத்தில் எத்தனை விரல் இடம், வலது ஓரத்தில் எத்தனை விரல் என்று பாருங்கள். வலது பக்கம் கூடுதலாக இருந்தால் சுண்ணாம்புக்குள் இன்னும் ஏதோ இருக்கிறது.

இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. கல்லோடு ஒட்டின மாதிரி பக்கவாட்டில் அடியுங்கள், வெட்டின பள்ளத்தில் நிழல் விழும். இரும்பு வைத்துச் சுரண்ட வேண்டாம், தண்ணீர் தெளித்து மூங்கில் சிம்பால் நோண்டுங்கள்.

தங்கச்சிமடம் ரோஸ் | வியாழன், இரவு 9.50

இடது பக்கம் நான்கு விரல். வலது பக்கம் ஆறு விரல்!

தாத்தா டார்ச் பிடித்தார், நான் தேங்காய் நாரை நனைத்துத் தேய்த்தேன். கடைசி ஐ-க்குப் பக்கத்தில் மெல்லிசாக ஒரு நிழல். மூங்கில் சிம்பால் நோண்ட நோண்ட, அரை நூற்றாண்டுச் சுண்ணாம்பு ஒரு பட்டையாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே இன்னொரு ஐ, மற்ற இரண்டின் அதே உயரம். எம் டி சி சி சி சி எக்ஸ் ஐ ஐ ஐ. அதாவது 1913.

போனும் தப்பு, தாத்தாவும் தப்பு. தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் பார்த்த அளவுக்குச் சரியாகத்தான் சொன்னேன்" என்றார். அதுவும் உண்மைதானே.

ஓரத்தில் இப்போது நான்கு விரலும் நான்கு விரலும். தம்பி, உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

மண்டபம் மணி | வியாழன், இரவு 10.05

பெயர்த்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். நான் எதுவும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை காக்கா | வியாழன், இரவு 10.30

பத்து எழுத்து. அன்றைக்கும் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி இருந்திருந்தால், சிஎம் போடாமல் நான்கு சி போட்ட கொத்தனார் விவரமானவர்தான்.

தங்கச்சிமடம் ரோஸ் | சனி, பகல் 12.20

நோட்டீஸில் 113-ஆம் ஆண்டு என்று திருத்தி அனுப்பியாயிற்று. பழைய கல் அப்படியே இருக்கும், சுற்றி மட்டும் வெள்ளை. தமிழ் எண் வைக்கவும் கமிட்டி ஒப்புக்கொண்டது. வாத்தியாருக்கு நன்றி, அந்த ஐந்து எழுத்துக்கும் 60 வீதம் 300 ரூபாய் என் கணக்கு.

காலையில் கல் வெட்டும் இடத்துக்குப் போனேன். கிரானைட்டில் சாக்கட்டியால் வரைந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். எம்எம்-எக்ஸ்எக்ஸ்-ஐவி. திருவிழாவை இரண்டு வருஷம் பின்னால் தள்ளிவிட்டிருந்தார். அந்தோணி அண்ணன் சொன்ன ஐஎக்ஸ், எக்ஸ்ஐ கதைதான் உடனே நினைவுக்கு வந்தது. சாக்கட்டியாக இருந்ததால் பிழைத்தோம். என் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு, விஐ என்று நானே எழுதிவிட்டு, அவர் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.